ஆபரேஷனுக்கு நுரையீரல் தாங்காது என்றால், ஊசி வழியாகக் கட்டியைப் பொசுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. 40 வருடம் புகைபிடித்தவர், 7 வருடத்துக்கு முன் விட்டுவிட்டார். சிஓபிடி (மூச்சுப் பாதை நாளடைவில் அடைபட்டுப் போகிற நுரையீரல் நோய்) இருக்கிறது. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். விடாத இருமலுக்காக எடுத்த சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் மடலில் 1.8 செ.மீ. கட்டி தெரிந்தது. பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. பெட் ஸ்கேனில் வேறு எங்கும் இல்லை. மடலை வெட்டி எடுத்தால் மீதி நுரையீரல் தாங்காது என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். இன்னொரு மருத்துவர், ஊசி செலுத்தி மைக்ரோவேவ் வெப்பத்தால் கட்டியைப் பொசுக்கிவிடலாம், ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். இது உண்மையான சிகிச்சைதானா, இல்லை எங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வதா? ஊசி பட்டால் பரவிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அப்பாவிடம் சளிக்கட்டி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை உறுத்துகிற கேள்விக்கே முதலில் வருகிறேன். இது ஒப்புக்குச் செய்கிற வைத்தியம் இல்லை. பரவாத சிறிய கட்டியை முழுதாக அழித்துவிட வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் இதைச் செய்கிறோம். அளவைப் பொறுத்தவரை அப்பாவின் கட்டி இதற்குப் பொருந்துகிறது. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கதிர்வீச்சு மருத்துவரைப் பார்த்ததாக ஒரு வரி கூட இல்லை. தேதி குறிப்பதற்கு முன் அவரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த ஊசியைச் செலுத்துவதுதான் என் அன்றாட வேலை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"நுரையீரல் தாங்காது" என்ற முடிவு எதை வைத்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அப்பாவைக் குழாயில் ஊதச் சொல்லி ஒரு பரிசோதனை செய்திருப்பார்கள். ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது, நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்ற இரண்டு எண்கள் அதில் முக்கியம். மடலை எடுத்த பிறகு இந்த எண்கள் எவ்வளவுக்குக் குறையும் என்று கணக்குப் போடுவார்கள். அது இயல்பான அளவில் 30 சதவீதத்துக்கும் கீழே போகும் என்றால் ஆபத்து அதிகம். 30க்கும் 60க்கும் நடுவில் வந்தால் நடக்கவைத்தும் படி ஏறவைத்தும் சோதித்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இனி பார்க்கிற ஒவ்வொரு மருத்துவரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

அறுவை மருத்துவரிடம் இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. முழு மடலை எடுக்க முடியாது என்றார், சரி. மடலில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியுமா? 2 செ.மீ.க்கு உட்பட்ட, நுரையீரலின் வெளிப்புறத்தில் இருக்கிற கட்டிக்கு முழு மடலையும் எடுக்க வேண்டிய அவசியமில்லை என்று இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 1,106 பேர், 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 697 பேர். பகுதியை மட்டும் எடுத்தவர்கள், முழு மடலை எடுத்தவர்களைவிடக் குறைவாக வாழவில்லை. இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் மடலையே எடுக்கத் தாங்கக்கூடிய உடல்நிலை உள்ளவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கேட்டுத் தெளிவது நல்லது. இன்ஹேலரைச் சரியாக இழுக்கக் கற்றுக்கொண்டு, சில வாரம் மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் செய்தவர்கள், "முடியாது" என்ற இடத்திலிருந்து "பார்க்கலாம்" என்ற இடத்துக்கு வந்ததைக் கண்டிருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி நடக்காது.

அறுவை உண்மையிலேயே முடியாது என்றால், உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டுதல்கள் அடுத்துச் சொல்வது வெப்பத்தை அல்ல, துல்லியக் கதிர்வீச்சை. எஸ்பிஆர்டி என்று சொல்வார்கள். பழைய முறையில் ஆறேழு வாரம் தினமும் போய் வர வேண்டியிருந்தது. இதில் பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியின் மேல் குவித்து, மூன்று முதல் ஐந்து அமர்வுகளில் பெரும்பாலும் முடித்துவிடுவார்கள். ஊசி இல்லை, மயக்கம் இல்லை. அறுவைக்குத் தகுதியில்லாத 55 பேரிடம் நடந்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்று ஆண்டுக்குப் பிறகும் சுமார் 98 சதவீதம் பேருக்கு, கதிர் பட்ட கட்டி அதே இடத்தில் மறுபடி வளரவில்லை. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் ஊசிக்குச் சம்மதித்தால், பாதி தகவலோடு சம்மதித்த மாதிரிதான்.

வெப்ப சிகிச்சையின் எண்களையும் அதே நேர்மையோடு சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி அறுவைக்குத் தகுதியில்லாத, 3 செ.மீ. வரை கட்டி இருந்த 51 பேருக்கு ரேடியோ அலை வெப்பம் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2015இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் சுமார் 70 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கட்டி 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தவர்களில் அது 83 சதவீதம். ஆனால் பொசுக்கிய இடத்திலேயே கட்டி மறுபடி தலைகாட்டாமல் இருந்தது 60 சதவீதம் பேருக்குத்தான். இப்போதைய மைக்ரோவேவ் ஊசிகள் அப்போது பயன்படுத்தியதைவிடப் பெரிய வட்டத்தைச் சீராகச் சுடுகின்றன, மறுபடி வளர்ந்தால் மறுபடி பொசுக்கவும் முடியும். இருந்தாலும், கட்டி இருந்த இடத்தை அடக்கி வைப்பதில் கதிர்வீச்சின் கை ஓங்கியிருக்கிறது என்பதை நான் மறைக்க மாட்டேன்.

அப்படியானால் ஊசிக்கு என்ன இடம்? அதே பகுதியில் ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு மறுபடி கொடுக்க முடியாமல் போகலாம். கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டி திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். நுரையீரல் நார்போல் இறுகிப்போகிற நோய் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சால் வருகிற அழற்சி உயிருக்கே ஆபத்தாகலாம். வெப்பமும் அவர்களுக்குப் பத்திரமானது என்று சொல்ல முடியாது, கவனமாக எடை போட வேண்டும். ஒன்றுக்கு மேல் சின்னச் சின்னக் கட்டிகள் இருப்பவர்களுக்கு, சுற்றியுள்ள நல்ல நுரையீரலை அதிகம் இழக்காமல் ஒவ்வொன்றாகப் பொசுக்க இது உதவுகிறது. மூச்சுத்திறனை இது பெரிதாகக் குறைப்பதில்லை. 2008இல் வெளியான, பல நாட்டு மையங்கள் சேர்ந்து 106 பேரிடம் செய்த ஆய்வில், சிகிச்சைக்குப் பிறகு நுரையீரல் திறனில் குறிப்பிடத்தக்க சரிவு தெரியவில்லை. அப்பா மாதிரி கைக்காசு போல மூச்சை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, இந்த வெப்பம் எப்படி வேலை செய்கிறது? மைக்ரோவேவ் ஊசியின் நுனியிலிருந்து கிளம்பும் அலைகள் திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகளை வேகமாக ஆட்டிவிடுகின்றன. அந்த உரசலில் சூடு பிறக்கிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிரணுக்களின் புரதம் உறைந்து, அவை அந்த இடத்திலேயே செத்துவிடும். நுரையீரல் காற்றால் நிறைந்த உறுப்பு. காற்று சூட்டைச் சுலபமாகக் கடத்தாது. அதனால் கட்டிக்குள் உண்டான சூடு ஓரளவு அங்கேயே தங்கிவிடுகிறது. பக்கத்தில் கொஞ்சம் பெரிய இரத்தக்குழாய் ஓடினால்தான் சிக்கல். 37 டிகிரியில் ஓடிக்கொண்டே இருக்கிற இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். குழாயை ஒட்டி இருக்கும் புற்றணுக்கள் தப்பிக்கும், திரும்ப வருகிற கட்டி பலமுறை அந்த ஓரத்திலிருந்துதான் கிளம்புகிறது. ரேடியோ அலையைவிட மைக்ரோவேவுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

அதனால் 1.8 செ.மீ. என்ற அளவு எனக்குப் போதாது. கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். நுரையீரலின் வெளிப்பாதியில், பெரிய குழாய்களிலிருந்தும் மூச்சுக்குழலிலிருந்தும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் நல்லது. நடுப்பகுதியை ஒட்டி இருந்தால் நான் தயங்குவேன். மேல் மடலின் உச்சியில் இருந்தால் கைக்குப் போகும் நரம்புக் கற்றை பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். மார்புச் சுவரை ஒட்டி இருந்தால் வலி சில நாள் அதிகமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஸ்கேன் பதிவான வட்டை எடுத்துக்கொண்டு போய், "இது எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார்.

நிணநீர்க் கணுக்களையும் மறக்க வேண்டாம். அறுவையின்போது கணுக்களையும் எடுத்துச் சோதித்துவிடுவார்கள். வெப்பமும் சரி, துல்லியக் கதிர்வீச்சும் சரி, கட்டியை மட்டும்தான் தொடுகின்றன. பெட் ஸ்கேனில் தெரியாத சின்னப் பரவல் கணுவில் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. சந்தேகம் இருந்தால், மூச்சுக்குழல் வழியே குழாய் விட்டு கணுவிலிருந்து ஊசியால் மாதிரி எடுப்பார்கள். அப்பாவுக்கு அது தேவையா என்று கேளுங்கள்.

ஊசி பட்டால் பரவும் என்ற பயத்துக்கு வருகிறேன். ஊசிப் பாதையில் புற்றணு ஒட்டி வளர்வது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது, ஆனால் மிக அரிது. பொசுக்கி முடித்து ஊசியை வெளியே எடுக்கும்போது பாதையையும் சூடாக்கிக்கொண்டே இழுக்கிற வழக்கமும் உண்டு. பயாப்சியும் ஊசியால்தானே எடுத்தார்கள்? அது இல்லாமல் இது புற்றுநோய் என்றே தெரிந்திருக்காது. உறவினர்களின் பயம் அக்கறையிலிருந்து வருவதுதான். ஆனால் இரண்டு செ.மீ.க்குள் இருக்கும் கட்டியைப் பயந்து விட்டுவைத்தால், வளர்ந்து 3 செ.மீ.யைத் தாண்டிய பிறகு இந்த ஊசிக்கும் அது எளிதில் மசியாது.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஊசி நுரையீரலின் உறையைத் துளைத்து உள்ளே போவதால், காற்று கசிந்து நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவில் தேங்கலாம். இது சாதாரணமாக நடக்கிற விஷயம், பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குக்கூட வரலாம். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு மார்பில் மெல்லிய குழாய் போட்டு ஓரிரு நாள் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். சிஓபிடியில் காற்றறைகள் ஏற்கெனவே ஊதிப்போய் மெலிந்திருப்பதால், அப்பாவுக்கு இந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எந்த நேரமும் மார்புக் குழாய் போடக்கூடிய வசதியும் ஆளும் இருக்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும். மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று யாராவது சொன்னால், அப்பாவுக்கு ஒரு இரவாவது இருக்கட்டும் என்று நீங்களே கேளுங்கள். சளியில் இரத்தம், நுரையீரல் உறையில் நீர் சேருவது, தொற்று ஆகியவையும் வரலாம். உயிருக்கு ஆபத்தான சிக்கல் அரிது, இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பாதி பயம் தெரியாததால் வருவது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், எப்போது நிறுத்துவது என்று இதய மருத்துவரைக் கேட்டு முன்பே முடிவுசெய்வார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் மேசையிலேயே படுக்கவைத்து, லேசான மயக்கமோ முழு மயக்கமோ கொடுப்பார்கள். ஸ்கேன் எடுத்து வழியைக் குறித்து, தோலை மரத்துப்போகச் செய்து ஊசியைக் கொஞ்சம் செலுத்துவோம். மறுபடி ஸ்கேன், மறுபடி கொஞ்சம். விலா எலும்புகளுக்கு நடுவே, குழாய்களுக்குப் படாமல், கட்டியின் நடுவில் நுனி போய் நிற்க வேண்டும். நேரமெல்லாம் இதற்குத்தான் போகும். சூடு கொடுப்பது பெரும்பாலும் ஐந்து பத்து நிமிட வேலை.

அது முடிந்து எடுக்கிற ஸ்கேனை நான் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன். வெள்ளைப் புள்ளியாக இருந்த கட்டியைச் சுற்றிப் பனிப்புகை போல ஒரு வளையம் தெரியும், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. அந்த வளையம் எல்லாப் பக்கமும் கட்டியைத் தாண்டி அரை சென்டிமீட்டராவது, முடிந்தால் ஒரு சென்டிமீட்டர், இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மெலிந்து தெரிந்தால் அங்கே ஊசியை நகர்த்தி இன்னொரு முறை சுடுவேன். அந்த வளையம் எவ்வளவு வந்தது என்று பிறகு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். மீண்டும் வருமா வராதா என்பதைப் பெருமளவு அதுதான் தீர்மானிக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாள் லேசான காய்ச்சல், இருமல், அசதி, கொஞ்சம் இரத்தம் கலந்த சளி இருக்கலாம். திடீரென்று மூச்சு முட்டினாலோ, மார்பில் குத்தும் வலி வந்தாலோ, குளிரோடு கடுங்காய்ச்சல் அடித்து நாற்றமடிக்கும் சளி வந்தாலோ, இரத்தம் அதிகமாக வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். காற்றுக் கசிவு சில சமயம் ஓரிரு நாள் கழித்துக்கூட வரும்.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் பிறகு பதறிப்போவீர்கள். முதல் மாத ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரியும். என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு 1.6 செ.மீ. இருந்தது, மாதம் கழித்து எடுத்த அறிக்கையில் 3.5 செ.மீ. என்று அச்சாகியிருந்தது. அவர் மகன் வெளியே வராண்டாவில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உள்ளே அழைத்துப் பழைய ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். 3.5 என்பது வெந்துபோன திசுவின் அளவு, கட்டியின் அளவு இல்லை. வேண்டுமென்றேதான் பெரிதாகச் சுட்டிருந்தோம். மூன்று நான்கு மாதத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது, ஒரு வருடத்தில் கோடு மாதிரித் தழும்பாக நின்றது. சிலருக்கு நடுவில் குழி விழும், அதுவும் ஆறும்போது நடப்பதுதான். ஆறு மாதத்துக்குப் பிறகு தழும்பு வளர்ந்தாலோ, ஓரத்தில் புதிதாக முடிச்சு போலத் திரண்டாலோதான் சந்தேகப்பட வேண்டும். அவசரப்பட்டு சீக்கிரமே பெட் ஸ்கேன் எடுத்தால் புண் ஆறும் அழற்சியே ஒளிர்ந்து குழப்பிவிடும். முதல் இரண்டு வருடம் சொன்ன தேதிகளில் ஸ்கேனுக்குப் போவதும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததுதான். இருமல் நின்றுவிட்டது, நன்றாக இருக்கிறார் என்று தவறவிட்டுவிடாதீர்கள். சின்னதாகத் திரும்புவதைப் பிடித்தால் மறுபடி பொசுக்க வழி இருக்கிறது.

மூச்சுக்குழல் வழியாகவே ஊசியைக் கொண்டுபோய்ச் சுடுகிற புதிய முறையும் வந்திருக்கிறது. அதில் உறையைத் துளைக்காததால் காற்றுக் கசிவு குறையும் என்று நம்புகிறார்கள். ஆனால் நீண்டகால அனுபவம் இன்னும் சேரவில்லை. இப்போதைக்கு அப்பாவுக்காக அதைத் தேடி அலைய வேண்டாம்.

இனி சளிக்கட்டி விஷயம். உங்கள் மனசு புரிகிறது. ஆனால் இது அவர் உடம்பு. கையெழுத்துப் போடப்போவது அவர். கதிர்வீச்சா, ஊசியா என்று கேட்டால், சளிக்கட்டி என்று நம்புகிறவர் எப்படிப் பதில் சொல்வார்? அப்புறம் இன்னொன்று. லேசான மயக்கத்தில் செய்தால், நாங்கள் சொல்லும்போதெல்லாம் ஒரே அளவு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூச்சு மாறினால் கட்டியும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்று நகர்ந்துவிடும். எதற்காகப் பிடிக்கிறோம் என்று தெரிந்தவர் பிடிக்கிற மூச்சே வேறு. என்னிடம் வருகிற பல பெரியவர்களுக்கு, வீட்டில் யாரும் சொல்லாமலே விஷயம் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று தெரியாத மாதிரி இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம்.

"அப்பா, இது புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம். ஆபரேஷன் இல்லாமல் இரண்டு வழி இருக்கிறது. எது என்று நீங்களும் சேர்ந்து முடிவு பண்ணணும்." இவ்வளவு சொன்னால் போதும். மீதியை அவரே கேட்பார். கதிர்வீச்சு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூச்சுப் பரிசோதனைத் தாள், பயாப்சி அறிக்கை, இரண்டு ஸ்கேன்களும் பதிவான வட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். முடிந்தால் அறுவை, கதிர்வீச்சு, நுரையீரல் மருத்துவர்களும் ஸ்கேனைப் படித்துச் சொல்கிற மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற கூட்டத்தில் அப்பாவின் ஸ்கேனை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சில நாட்களில் முடிகிற வேலைதான் இது. அதற்குள் ஒன்றும் கைமீறிப் போய்விடாது. ஊசிக்குத் தேதி குறிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.